தலைப்பை மாற்ற மாட்டேன்!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் என் கல்லூரித் தோழி ஃபிலோமினாவும் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு அன்பாகத்தான் கேட்டார்.

"மொட்டை சமயபுரத்துலயாக்கா?"

"இல்லங்க, ஆஸ்பத்திரியில. கேன்சர். மருந்து ஏத்துனதுல முடியெல்லாம் கொட்டிடுச்சு."

டிரைவர் சட்டென்று கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். நானும் வெளியே வேடிக்கை பார்த்தேன். இந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கெல்லாம் ஏன் காது அடைத்துக்கொள்கிறது? "அந்த வியாதி" என்போம், "அதுவாம்" என்போம்... பேரைச் சொன்னால் நம் வீட்டுக்கும் வந்துவிடுமோ?

ஃபிலோமினா பிசிக்ஸ் டீச்சர். எங்கள் அப்பார்ட்மென்ட் ஆண்டு விழாவில் பேச அவளைக் கூப்பிட்டது நான்தான் – வியாதி தெரிவதற்கு முன்னால். அவள் கொடுத்த தலைப்பு, 'பெரிய நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன?'

அசோசியேஷன் செகரட்டரி வரதன் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்தியா? வேற ஏதாவது தரச் சொல்லுங்கோ."

நானும் போன் போட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஃபிலோ, தலைப்பை மாத்திடேன். நீ இருக்கற நிலைமையில இதெல்லாம் எதுக்குடி?"

"வருஷாவருஷம் நடத்தற பாடம் இது. எனக்கு கேன்சர் வந்ததும் நட்சத்திரமெல்லாம் சாகறதை நிறுத்திடுச்சா?"

போனை வைத்துவிட்டாள்.

விழாவன்று ஆட்டோவை விட்டு இறங்கி உள்ளே போனால், நோட்டீஸ் போர்டில் வரதன் சார் தானாகவே 'விண்மீன்களின் விந்தை உலகம்' என்று மாற்றி ஒட்டியிருந்தார். ஃபிலோமினா என் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஒரே கோடு. கீழே தன் தலைப்பைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

வேகமாக வந்த வரதன் சார் அவள் தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மேடம்... எனக்கு விஷயம் தெரியாது. ஆனா இந்தத் தலைப்பு உங்களுக்கே மனசு கஷ்டமா இருக்காதோ?"

"என்னைப் பாத்ததும் எல்லாரும் பேச்சை மாத்தறீங்க பாருங்க... அதுதான் சார் கஷ்டமா இருக்கு."

நாற்பது பேர் இருந்திருப்போம். உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தவள், பாதியில் எழுந்து நின்றுவிட்டாள்.

"பெரிய நட்சத்திரம் ஹைட்ரஜனை எரிச்சு முடிக்கப் பல லட்சம் வருஷம் ஆகும். அப்புறம் ஒண்ணொண்ணா எரிச்சு, கடைசியா சிலிக்கான். அதுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான். நடுவுல இரும்பு சேந்துடும். இரும்பை எரிச்சா சக்தி வராது. தாங்கிப் பிடிக்க ஆளில்லாம, அந்த நடுப்பகுதி ஒரு செகண்டுக்குள்ள நொறுங்கி உள்ள விழும். அந்த வேகத்துல வெளிப்பகுதி மொத்தமா வெடிச்சுச் சிதறும். கொஞ்ச நாள் அந்த ஒரே நட்சத்திரம் ஒரு கேலக்சி அளவுக்குக்கூடப் பளபளன்னு எரியும்."

மூச்சு வாங்கியது. தண்ணீர் நீட்டினேன், வாங்கவில்லை.

"நாம இழுக்கற ஆக்சிஜன்ல பெரும்பகுதி அப்படிப்பட்ட நட்சத்திரங்கள்ல உண்டானதுதான். அதுங்க சாகலைன்னா இந்த விழாவும் இல்ல, நாமும் இல்ல. இதுல என்னங்க அபசகுனம்?"

மூன்றாவது மாடி ஜானகி எழுந்தார். போன வருஷம் கணவரை இழந்தவர். ஆறுதல் சொல்லப் போன நாங்கள்கூட அவரிடம் சீரியலைப் பற்றித்தான் பேசிவிட்டு வந்தோம்!

"வெடிச்சதுக்கப்புறம் ஒண்ணுமே மிஞ்சாதாங்க?"

"சிலதுல மிஞ்சும்மா. ஒரு உருண்டை. அதோட குறுக்களவு இருபது கிலோமீட்டர் இருக்கும், கிட்டத்தட்ட இங்கேருந்து திருவெள்ளறை போற தூரம்தான். ஆனா நம்ம சூரியனைவிட எடை ஜாஸ்தி."

ஜானகி உட்காரவில்லை. நின்றபடியே தன் கணவரின் கடைசி வாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, பத்து நிமிஷம். ஃபிலோமினா மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு, பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் காலை வரதன் சாரிடமிருந்து போன். "மேடம் அடுத்த மாசமும் வருவாளா? கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டேன். சிகிச்சை இல்லாத ஞாயிறாகப் பார்த்து வருகிறாளாம். தலைப்பைக்கூடச் சொல்லிவிட்டாள் – 'பூமி எப்போது அழியும்?'

இந்தத் தடவை ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் வரதன் சாரிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.