மாலை போட்ட மாதத்தில் குத்திய ஊசி

கொலஸ்ட்ரால் கூடுதல் என்று டாக்டர் மாத்திரை எழுதித் தந்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. என் அப்பா மாரடைப்பில் போனது ஐம்பத்திரண்டில். பயம் இருந்தது. ஆனால் ஆயுசு முழுக்க மாத்திரையா என்ற கடுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு மாதம் விழுங்கிவிட்டு அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

முதலியார்பேட்டையில் அக்குபங்சர் போர்டு ஒன்றை அடிக்கடி பார்ப்பேன். எனக்கு எதையும் பிரித்துப் பார்க்கிற புத்தி. ஓடிக்கொண்டிருந்த மிக்சியைக் கழற்றி மூன்று முறை வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். கொழுப்பை ஊசி எப்படிக் கரைக்கும் என்று பார்த்துவிடுவோமே என்று சாரம் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன். அப்போது கார்த்திகை. வருஷா வருஷம் போல சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். கறுப்பு வேட்டியைப் பார்த்து, அங்கே ஊசி குத்தும் அம்மாவும் என்னைச் சாமி என்றே கூப்பிட்டார்.

இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்த்து, முழங்காலுக்குக் கீழே முடி கனத்தில் ஒரே ஒரு ஊசி குத்தினார். வலியே இல்லை. ஆனால் கணுக்கால் வரை ஏதோ மெல்ல ஊர்ந்தது. அது நரம்பா, ரத்தமா என்று கேட்டேன். சக்தி ஓட்டம் என்றார். ரத்தத்தில் இருக்கிற கொழுப்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று துருவினேன். அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். வாரம் இரண்டு தரம் போனேன். மாத்திரையை நிறுத்தியதை மட்டும் அவரிடம் மறைத்துவிட்டேன்.

மலைக்குப் போய்வந்த கையோடு டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தேன். அளவு நன்றாக இறங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சேதராப்பட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் சீட்டு சீட்டாக ரிப்போர்ட்டைக் காட்டினேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்த பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் அந்த அம்மாவின் விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நாப்பத்தெட்டு நாளா கறி இல்ல, எறா வறுவல் இல்ல, ஞாயித்துக்கெழம பிராந்தி இல்ல. இதுல ஊசிக்கு மட்டும் எப்படிங்க பேரு?"

சுருக்கென்றது. அவளைப் பொய்யாக்க வேண்டும் என்ற வீம்பிலும், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையிலும், ஊசியைத் தொடர்ந்தேன். மாலை கழற்றியாயிற்று, ஆகவே சாப்பாடு பழையபடி. மாசி கடைசியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். அளவு பழைய இடத்துக்கே ஏறி, கொஞ்சம் தாண்டியும் நின்றது. என் மனைவி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஊசிக்கார அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் எப்போது சொன்னேன் என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். இப்போதும் எப்போதாவது போகிறேன், தூக்கத்துக்காக. காலில் ஊர்வது என்னவென்று இன்னும் தெரியவில்லை.

அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்ட மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உற்சாகமாக இருந்தார்.

"அண்ணே, உங்களப் பாத்துதான் நானும் ஹார்ட் மாத்திரைய உட்டுட்டேன். ரெண்டு மாசம் ஆவுது. ஊசி நல்லா கேக்குது."

மாத்திரையை விட்ட கதையையும் இதே பஸ்ஸில்தான் பெருமையாக அளந்திருந்தேன். பையிலிருந்து இரண்டாவது ரிப்போர்ட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அதை நான் பஸ்ஸில் வேறு யாருக்கும் காட்டியிருக்கவில்லை. அவர் திரும்பத் திரும்பப் படித்தார், பிறகு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

சேதராப்பட்டில் இறங்கியும் இரண்டு பேருமே கம்பெனிக்குள் போகவில்லை. எதிர்ப்பக்கம் போய், அவருடைய டாக்டரைப் பார்க்க டவுன் பஸ் ஏறினோம்.