மூச்சு முறியும் இடம்

ஆய்வுகூடத்தில் அக்கா எப்போதும் கணினித் திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். பனிச்சறுக்கு வீரன் ஒருவன் டிரெட்மில் போன்ற அகன்ற ஓட்டப்பட்டையின் மேல், சக்கரம் பூட்டிய சறுக்குக் கட்டைகளில் நின்றபடி, இரண்டு கோல்களையும் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டிருப்பான். அவன் முகமூடியிலிருந்து வரும் குழாய், விடும் மூச்சையெல்லாம் அதை அளக்கும் கருவிக்குக் கொண்டுவரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நான் பட்டையின் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு விரலை உயர்த்தி, "இப்ப" என்பார். பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தால், திரையில் மூச்சின் கோடு சட்டென்று நிமிர்ந்த இடம் அநேகமாக அதுவாகவே இருக்கும்.

அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. அக்கா அதை "மூச்சு முறியிற இடம்" என்பார். அதுவரை ஒருவன் நெடுநேரம் போகலாம். அதைத் தாண்டினால் மூச்சு முந்திக்கொண்டு ஓடும், உடம்பு நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும். அந்த இடம் எந்த வேகத்தில் வருகிறது என்ற எண்ணை வைத்துத்தான் பயிற்சியாளர்கள் பனிக்காலத்துக்கான பயிற்சியை வகுப்பார்கள். லண்டனில் பனி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பனி உள்ள நாடுகளுக்குப் புறப்படும் முன் எங்கள் ஆய்வுகூடத்துக்குத்தான் அவர்கள் வருவார்கள்.

அவர் என் உடன்பிறந்தவர் அல்ல, கூட வேலை செய்தவர். மன்னாரில் பிறந்தவர், கணவர் இறந்தபின் ஒரே மகளோடு இல்ஃபோர்டில் இருந்தார். நான் குட்மேய்ஸில் ரயில் ஏறினால், இரண்டாவது நிலையத்தில் அவர் அதே பெட்டியில் ஏறுவார். பதினொரு ஆண்டுகள் அப்படிப் போய் வந்தோம்.

ஒருமுறை ஓர் இளம் வீரனின் எண் முந்திய முறையைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அணித் தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. கருவிதான் பிழை, பழைய எண்ணையே எழுதுங்கள் என்று கண்கலங்கிக் கேட்டான். அக்கா அவனை உட்காரவைத்து, கருவி சரி, உன் உடம்பில்தான் ஏதோ பிழை, வைத்தியரிடம் போ என்று ஆங்கிலத்தில் நேராகச் சொன்னார். அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். "பாவமெண்டு நம்பரை மாத்தினா, பெடியன் பனிக்குள்ள போய் விழுவான் தம்பி," என்றார் என்னிடம். அவனுக்கு இரத்தசோகை என்று பிறகு தெரிந்தது. அடுத்த பருவத்தில் தேறி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டான்.

அதற்கு மறுவருடம் அக்காவுக்கு இருமல் வந்தது. நிலையப் படிகளில் பாதியில் நின்று கைப்பையில் எதையோ தேடுவார். எதையும் எடுக்கமாட்டார். "குளிர் தம்பி, வேறையொண்டுமில்லை."

ஒருநாள் காலை வரவேண்டிய வீரன் வரவில்லை. "மெஷின் சும்மாதானே நிக்குது, நான் ஏறி நடக்கிறன்," என்றார் அக்கா. முகமூடியைத் தானே மாட்டினார். கடைக்குப் போகும் நடைதான். நாலாவது நிமிடத்தில் கோடு நிமிர்ந்தது. நான் பட்டையை நிறுத்தினேன். இறங்கிப் பிடியைப் பற்றியபடி நின்றவர், திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"மெஷின் பிழை போல, என்ன தம்பி?"

அன்று காலை அந்தக் கருவியைச் சரிபார்த்தவன் நான். அதில் ஒரு பிழையும் இல்லை.

"ஓம் அக்கா, பிழை போலதான் கிடக்கு," என்றேன். அந்தப் பதிவை அழித்தும்விட்டேன். மகளுக்குப் பரீட்சை நடக்கிறது, அவருக்கே எல்லாம் தெரியும், தானாக வைத்தியரிடம் போவார் என்று எனக்குள் நூறு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து நிலையப் படியில் விழுந்தார். நுரையீரல் தடித்துச் சுருங்கும் நோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில். முந்தியே வந்திருந்தால் மருந்தால் கொஞ்சக் காலம் இழுத்துப் பிடித்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். நான் பார்க்கப் போனபோது மூக்கில் ஒட்சிசன் குழாய் இருந்தது.

"அண்டைக்கு மெஷின் சரிதானே?"

"ஓம் அக்கா."

"என்ர மூச்சு எனக்குக் கேக்காதோ? நீர் சொல்லுவீர் எண்டு உம்மட முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனான். ஆரும் சொன்னா போவம் எண்டுதான்..."

அவர் குரலில் கோபம் இல்லை. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. விழுந்த ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அடக்கப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது மகள் என்னிடம் வந்தாள். "மாமா, அம்மாக்கு இது எப்ப தொடங்கினது? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "தெரியும்," என்றேன். அந்தக் காலையில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அந்த ரிசல்ட் இப்ப இருக்கா?"

"இல்லைப் பிள்ளை. நான்தான் அழிச்சனான்."

அவள் திரும்பி, தாயின் சவப்பெட்டியை ஏற்றியிருந்த காரை நோக்கி நடந்தாள்.