ஊருக்குப் போக மாட்டேன் என்றேன்

வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். மும்பை தாராவியில் பள்ளிப் பைகள் தைத்துப் பிழைப்பவள் நான். நாள் முழுக்கக் குனிந்திருந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஸ்கேனில் கல்லீரலில் கட்டி என்று வந்தது. என்றைக்கோ உடம்பில் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி (ஹெபடைடிஸ் பி) செய்த வேலை. "குடிப்பாளோ?" என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும்.

கட்டி இருக்கும் இடத்தில் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர், மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். எங்கள் ஆட்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: ஊருக்கு அனுப்பிவிடுவது. கடைசி மூச்சைத் திருநெல்வேலிப் பக்கம்தான் விட வேண்டுமாம். மகன் டிக்கெட்டே எடுத்துவிட்டான்.

"எம்மா, அங்க சொந்தபந்தம் எல்லாம் இருக்கு. நிம்மதியா இருக்கலாம்."

"ஏலே, சாவுறதுக்கா என்னைய ரயில் ஏத்துத? வைத்தியம் இங்கதான இருக்கு. டிக்கெட்ட கேன்சல் பண்ணு."

பயம் இல்லாமல் இல்லை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

டாக்டர் இன்னொரு வழி சொன்னார்: கதிரியக்கத் துகள் சிகிச்சை (தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்துக்குள் கதிர்வீசும் நுண்மணிகளைச் செலுத்துவது). முதலில் ஒத்திகை. சோதனைத் துகள்கள் நுரையீரலுக்கு அதிகம் கசிந்தால் சிகிச்சையே கிடையாது. ஒத்திகை அன்று சாமியிடம் சண்டையே போட்டேன்.

"ரொம்பக் கசியலம்மா. பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

சிகிச்சையின்போது விழித்திருந்தேன். சாய மருந்து ஏறும்போது வயிற்றுக்குள் சூடு பரவியது, வேறொன்றும் தெரியவில்லை.

"கொஞ்ச நாள் கர்ப்பிணிங்க, குழந்தைங்க பக்கத்துல இருக்கக் கூடாது. தனி ரூம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

சிரித்துவிட்டேன். எங்கள் வீடே ஓர் அறை. மருமகளுக்கு ஆறாம் மாதம். பட்டறையில் பைக் குவியலுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். மருமகள் கஞ்சியை மகனிடம் கொடுத்துவிட்டு, தெருவில் நின்றபடியே, "அத்தே, மிச்சம் வைக்காம குடிங்க" என்று குரல் கொடுப்பாள். வாய்க்குப் பிடிக்கவில்லை. அசதி ஆளைச் சாய்த்தது. இந்தச் சிகிச்சை எடுத்தால் உங்களுக்கும் அப்படி இருக்கலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் டாக்டர் ஒரு கறுத்த இடத்தைக் காட்டினார். கட்டியின் பெரும்பகுதி செத்துவிட்டதாம். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம்.

"முழுசாப் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். விடாமப் பாக்கணும்."

பார்ப்போம். இப்போது அடுத்த ஸ்கேன் வரைதான் என் காலம். அதற்குமேல் எனக்கு நாள் குறிக்கும் உரிமையை நான் எவருக்கும் கொடுக்கவில்லை. இந்த உடம்புக்குள் ஒரு பிணம் கிடக்கிறது, தெரியும். அது என்னுடையது அல்ல.