கடிக்குதோ என்று கேட்கக் கூடாது

சுவிசில், டீட்டிகோனில் அத்தானின் தோட்டக் கொட்டில் கதவில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் இரண்டு சோடி பச்சை றப்பர் கையுறைகள் தொங்கும். ஒன்று அத்தானுடையது, விரல் நுனிகள் தேய்ந்து வெளுத்துப்போனது. மற்றது என்னுடையது என்று எனக்குத் தெரியவந்த நேரத்தில் நான் வலது கையைக் காற்சட்டையில் தேய்த்தபடி ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நாளைப் பற்றி எழுதட்டுமா என்று போன வாரம் அத்தானிடம் கேட்டேன். "எழுதன்," என்றார். "ஆனால் மைக்கைப் பிடிச்சு வாசிச்சுப் போடாதை." அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் என் மானம் போகும். போனால் போகட்டும், அது அடிக்கடி போய்வந்து பழகியதுதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கும் தீவு ஒன்றில் பிறந்தவர். பட்டணத்துப் பக்கம் பிறந்த நான், கல்யாணமான நாளிலிருந்து அவரைத் "தீவார்" என்று பகிடி பண்ணிவந்தேன். அவருடைய தீவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் ஊறும் கிணறு ஒன்று அகப்பட்டால் நாலு வீட்டுக்கு அதுதான் கிணறு, பங்குக்கிணறு. குளித்த தண்ணீரும் சட்டி கழுவிய தண்ணீரும் வாய்க்காலில் ஓடி ஒரு மூலையில் தேங்கும். அந்த மூலையில்தான் சேம்பு நிற்கும். அந்த வறண்ட மண்ணில் யானைக்காது போல இலை விரித்து நிற்கிற ஒரே பயிர் அதுதானாம். நாலு வீட்டாரின் அழுக்குத் தண்ணீரைக் குடித்து வளர்வதால் கிழங்கும் நாலு வீட்டுக்கும் பொது.

வருடத்தில் ஒருநாள் கிண்டுவார்கள். அந்த நாளுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, யாரும் யாரையும் அழைப்பதில்லை. நாள் எல்லாருக்கும் தெரியும், பங்கு வேண்டும் என்கிறவர் வந்து நிற்பார். வராத வீட்டுக்குக் குவியல் கிடையாது. அந்த வீடு கிணற்றையே கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, மண்ணில் அலவாங்குக் கம்பி இறங்கியது முதல் கறி அடுப்பால் இறங்கும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதிலும் "கடி" என்ற சொல் வரவே கூடாது. எங்கள் பக்கத்தில் அரிப்பைக் கடி என்போம். கடிக்கும் என்று சொல்லிவிட்டால் சேப்பங்கிழங்கு சொன்ன சொல்லைக் காப்பாற்றி, தின்றவர் தொண்டையெல்லாம் கடிக்குமாம்.

"கிழங்குக்குக் காது இருக்கோ அத்தான்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கிழங்குக்கு இல்லையடா, எங்கடை பெரியப்பாமாருக்கு இருந்தது," என்றார் அவர். "நாலு அண்ணன் தம்பி, ஒரு கிணறு. ஒருத்தன் கதைச்சால் கிழங்கு கடிக்கும். ரெண்டு பேர் கதைச்சால் கோட்டிலை வழக்கு நடக்கும்."

இந்தச் சேம்பு சுவிசுக்கு வந்தது அத்தானின் தங்கையின் பயணப் பையில், ஒரு பழைய சாறிக்குள் சுற்றியபடி. அது சட்டப்படி சரியா என்று நான் விசாரிக்கவில்லை, நீங்களும் விசாரிக்காதீர்கள். மார்ச் மாதத்தில் படுக்கையறை யன்னலோரம் வாளிகளில் முளைக்கவைப்பார். மே மாத நடுவில் கடைசிக் குளிரும் போன பிறகுதான் தோட்டத்துக்குக் கொண்டுபோவார். நாலு துண்டுக் காணிக்கு ஒரு பொதுத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதன் வாய்க்கால் முடிகிற மூலையையே அவர் கேட்டு வாங்கியிருந்தார். பக்கத்துக் காணிக்காரர்கள் கரட்டும் லீக்சும் கழுவுகிற தண்ணீரெல்லாம் அவருடைய சேம்புக்குத்தான். அவர்கள் அதை அலங்காரச் செடி என்று நினைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். ஒக்டோபரில், உறைபனி விழுவதற்கு முந்திய சனிக்கிழமை கிண்டுவோம். ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டதற்குக் கோழி முட்டை அளவில் இரண்டு வாளிக் கிழங்கு வரும். அக்கா பழப்புளி விட்டுக் குழம்பு வைப்பாள்.

என் பாட்டை யோசித்துப் பாருங்கள். சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுவதும் வாயடித்துச் சம்பாதிக்கிறவன் நான். கரண்டி விழுந்தாலும் அதற்கு ஒரு பகிடி சொல்வேன். வாய் மூடியிருந்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஓடும். இதயமா, வாய்வா என்று நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். பிடித்துப் பார்ப்பதாலேயே அது இன்னும் வேகமாக ஓடும். மூன்று மணித்தியாலம் பேசாமல் கிழங்கு கிண்டுவது எனக்கு ஒரு சத்திரசிகிச்சை. ஆரம்ப வருடங்களில் எப்படியும் எங்கோ ஓரிடத்தில் சிரித்துவிடுவேன். மேசையில் யாராவது தொண்டையைச் செருமினால் எல்லாக் கண்களும் என்னைப் பார்க்கும். அக்கா அகப்பையால் என் தோளில் ஒன்று வைப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒருநாள் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதை நிறுத்தியவனும் நான்தான்.

அத்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அப்போது அவர்கள் வேறொரு சிறிய ஊரில் இருந்தார்கள். அந்த ஊரின் கெமைண்டே, அதாவது ஊராட்சி, அலுவலகத்தில் நேர்முகம். அயலவர்களோடு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சேர்ந்து இறைச்சி வாட்டுவோம், கழகத்தில் இருக்கிறோம் என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அத்தான் பதற்றத்தில், தீவின் கிண்டுகிற நாளை நினைத்து, தனக்குத் தெரிந்த டொச் மொழியில், மிகவும் உண்மையாக, "நாங்கள் கதைக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டார். கதைக்காமல் ஒற்றுமையாக இருப்பது அவருடைய தீவில் எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த மேசையில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு வந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். நிலவறையில், அடுத்த வருட விதைக் கிழங்கை மணலில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அவருடைய மகளின் கல்யாணம். வழக்கம்போல மைக் என் கையில். அறிவிப்பாளன் என்றால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டுமே. மண்டபம் நிறையச் சனம். சிரிப்பு ஒரு இடத்தில் தொய்ந்தது. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. சனம் சிரிக்காத ஒவ்வொரு நொடியும் எனக்கு மூச்சு முட்டும். கைக்கு எட்டியதை எடுத்து எறிந்தேன். கைக்கு எட்டியது அத்தானின் நேர்முகம். அவருடைய குரலிலேயே, அவர் கழுத்தைச் சரிக்கிற மாதிரியே சரித்து, "நாங்கள் கதைக்கிறேல்லை" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் அத்தான் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார், பிறகு இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு கதைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன், கேட்காமல் இல்லை. ஆனால் என் வாயில் மன்னிப்பும் பகிடியாகவே வந்தது. தொலைபேசியில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு பார்த்தால் கடைசியில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம். விரல் தானாகப் போட்டிருக்கிறது. நேரில் போனால் அவர் எழுந்து மற்ற அறைக்குப் போவார். அக்கா இடையில் நின்று தேநீரை ஆற்றுவாள். மச்சான்மார் இருவரும் முகம் பார்க்காத வீட்டில் அவளுக்கு மட்டும் இரண்டு மடங்கு கதைக்கிற வேலை.

ஆனால் ஒக்டோபர் வந்தால், அத்தானின் சட்டத்தை மீறி அக்கா என்னைக் கூப்பிடுவாள். "கிண்டுற நாள், வா. அங்கை ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லைத்தானே." அவளுடைய சூழ்ச்சி எனக்கு அப்போதே விளங்கியது. கதைக்கக் கூடாத ஒரு நாளில், கதைக்காத இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படி இரண்டு ஒக்டோபர் கிண்டினோம். அந்த இரண்டு வருடமும் கிழங்கு ஒரு துளியும் கடிக்கவில்லை. வெண்ணெய் மாதிரி இருந்தது. என்னால் விழுங்கத்தான் முடியவில்லை.

மூன்றாவது வருடம் மகளின் பிரசவத்துக்கு அக்கா லண்டன் போய்விட்டாள். கைக்குழந்தை, தூக்கமில்லாத தாய். கிழங்கு அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? நான் அழைப்புக்காகக் காத்திருந்தேன். அத்தான் அழைக்க மாட்டார். அழைக்காத இடத்துக்கு எப்படிப் போவது? அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கைத்தொலைபேசியில் வானிலை பார்த்தேன். இரவு உறைபனி. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தேன், அதே உறைபனி. ஒருவேளை என் தொலைபேசிக்கு மட்டும் குளிரோ என்று பக்கத்து வீட்டுக்காரியிடமும் கேட்டேன். பிறகுதான் அந்த முதலாவது சட்டம் மண்டையில் இடித்தது. யாரும் யாரையும் அழைப்பதில்லை. வராத வீட்டுக்குக் குவியல் கிடையாது. நான் இன்று போகாவிட்டால் அத்தானின் கணக்கில் நான் கிணற்றைக் கைவிட்டவன். பிறகு அக்கா எத்தனை தேநீர் ஆற்றினாலும் ஒன்றும் நடக்காது.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓல்ட்டனில் ரயில் மாற வேண்டும். பதற்றத்தில் தளத்தின் தப்பான பக்கத்தில் நின்ற, பேர்னுக்குப் போகிற வண்டியில் ஏறி, கதவு மூடும் நேரம் பாய்ந்து இறங்கினேன். சரியான வண்டியில் ஏறியும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் இருக்கைக்கும் நடந்தேன். நாடி பிடித்தேன், விட்டேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். "அத்தான், நான் செய்தது பிழை." இவ்வளவுதான். இதற்குள் எங்கே பகிடி வைக்கலாம் என்று மனம் தேடியதைப் பார்த்து என் தலையில் நானே ஒரு குட்டுப் போட்டேன். எதிரே இருந்த பெண்மணி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தோட்டத்துக்குப் போனபோது அத்தான் ஏற்கனவே கிண்டத் தொடங்கியிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். குனிந்தார். மண்ணில் இரும்பு இறங்கிவிட்டது, இனி வாய் திறக்க முடியாது. மனப்பாடம் செய்த நாலு சொல்லும் தொண்டையில் நின்றன. கொட்டில் கதவில் இரண்டாவது சோடி கையுறை தொங்கியது. புதியது, கடை மட்டையும் கழற்றவில்லை. யாரையோ உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறார்! என் இடத்துக்கு ஆள் பிடித்துவிட்டார்! அந்த யாரோ வருவதற்குள் என் பங்கைக் கிண்டிவிட வேண்டும் என்று, அத்தான் முள்ளுக்கரண்டி என்று சொல்கிற அந்த நாலு பல் இரும்பை எடுத்து வெறுங்கையோடு பாய்ந்தேன். படலை வாசலில் ஒரு சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். பூனையைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன்.

சேம்பை வெறுங்கையால் பிடித்து வேரை முறித்தால் என்ன நடக்கும் என்பது தீவாருக்குத் தெரியும். பட்டணத்தானுக்கு அரை மணித்தியாலத்தில் தெரிந்தது. முதலில் விரலிடுக்கில் ஓர் ஊசி. பிறகு உள்ளங்கை முழுக்க எறும்புப் புற்று. காற்சட்டையில் தேய்த்தேன். மண்ணில் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரில் பிடித்தேன், இன்னும் மோசமானது. கடிக்குது என்று கத்த வேண்டும் போல இருந்தது. சொல்லக் கூடாத அந்த ஒரு சொல்தான் வாய்க்குள் துள்ளியது, நான் வெளியே துள்ளினேன். கண்ணால் தண்ணீர் வந்தது. அது கடியால் மட்டும் வந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

அத்தான் இரும்பை மண்ணில் குத்தி நிறுத்தினார். கையுறையைக் கழற்றினார். என்னை நேராகப் பார்த்தார்.

"கடிக்குதோடா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் சொல். அதுவும் அந்தச் சொல்.

நான் திகைத்துப்போய்த் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கொட்டிலுக்குள் போய், குழாயில் படிகிற சுண்ணாம்பைக் கழற்ற வைத்திருந்த வினாகிரிப் போத்தலை எடுத்துவந்து என் கையில் ஊற்றினார்.

"கிளவுஸ் உனக்குத்தானே வாங்கித் தூக்கினது, விசரா. ஏன் போடேல்லை?"

"வேறை ஆரோ வருகினம் எண்டு நினைச்சன், அத்தான்."

"ஆர் வாறது? ஆரைக் கூப்பிடுறது? கிண்டுறதுக்கு ஆளைக் கூப்பிடுறதோ?" போத்தலை மூடினார். "அதோடை, ஒரு ராப் பனிக்கு இலைதான் கருகும், கிழங்கு சாகாது. நாளைக்கும் வந்திருக்கலாம். என்னத்துக்கு இப்பிடி இளைச்சு இளைச்சு ஓடிவந்தனி?"

"அத்தான், நான் செய்தது பிழை."

அவர் வாளியில் கிடந்த கிழங்கு ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினார். "ஓம்," என்றார். "பிழைதான்." பிறகு கையுறையை ஆணியால் எடுத்து, மட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்தார். "மிச்சத்தையும் கிண்டு. இருட்டப் போகுது."

சமையல் என் கையில். பழப்புளியை இரண்டு மடங்கு விட்டேன். ஆனாலும் முதல் வாயிலேயே எங்கள் இருவருக்கும் தொண்டை பிடித்துக்கொண்டது. செருமிச் செருமிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லண்டனிலிருந்து அக்கா அழைத்தாள். அத்தான் தொலைபேசியை மேசையில் நிறுத்தினார். திரையில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. நான் கமெராவில் படாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தேன்.

"இஞ்சேருங்கோ, கிண்டினனீங்களோ? ஏன் செருமுறியள்? கிழங்கு கடிக்குதோ?"

"ஓம்."

"ஆர் கதைச்சது?"

"நான்தான்," என்றார் அத்தான்.

அக்கா திரைக்குக் கிட்ட வந்தாள். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"நீங்களோ? ஆரோடை?"

அத்தான் தொலைபேசியை மெல்ல என் பக்கம் திருப்பினார். நான் சொல்வதற்கு ஒரு பகிடியும் கைக்கு எட்டவில்லை. வாய் நிறையச் சோறு, தொண்டை நிறையக் கடி. அக்கா அங்கே அழுதாள். "நல்லாக் கடிக்கட்டும்," என்றாள், "ரெண்டு பேருக்கும் நல்லாக் கடிக்கட்டும்."

இப்போது அத்தானுக்கு முழங்கால் ஏலாது. கதிரையில் இருந்துகொண்டு, நான் கிண்டக் கிண்ட, கட்டுப்பாடில்லாமல் கதைக்கிறார். பெரியப்பாமாரின் வழக்கு, மருத்துவரின் மருந்து, நான் இரும்பைப் பிடிக்கிற விதம், ஒன்றையும் விடுவதில்லை. இந்த வருடமும் கிழங்கு கடிக்கத்தான் செய்தது. மேசையில் இப்போது யார் கதைச்சது என்று ஒருவரும் கேட்பதில்லை. அவரிடம் இன்னும் சி பெர்மிட் என்கிற வதிவிட அனுமதிதான். திரும்ப விண்ணப்பிக்கவில்லை. அதைப் பற்றி நானும் வாய் திறப்பதில்லை.

போன சனிக்கிழமை கிண்டப் போனபோது ஆணியில் இரண்டு சோடியும் தொங்கின. தான் கிண்டாவிட்டாலும் இரண்டையும் கழுவித் தொங்கவிடுகிறார். என்னுடையதில் ஒரு விரல் கிழிந்திருந்தது. சொன்னால் புதிது வாங்கக் கடைக்குப் புறப்பட்டுவிடுவார், அந்த முழங்காலோடு. போட்டுக்கொண்டு கிண்டினேன். பத்து நிமிடத்தில் அந்த விரல் எரியத் தொடங்கியது. அவருக்குத் தெரியாமல் காற்சட்டையில் தேய்த்தேன்.

"கடிக்குதோடா?" என்றார் கதிரையிலிருந்து.

"இல்லை அத்தான்," என்றேன். "நீங்கள் கதையுங்கோ."