பிரைமர் பூசிய பாவம்

காருக்கு நிறம் அடிக்கிறவன் ஒழுங்காகச் செய்த வேலையில் பாதி யார் கண்ணிலும் படாது. அந்தப் பாதிக்காகத்தான் அவன் பேச்சு வாங்குவான். தையலோ தச்சோ சமையலோ, எந்தத் தொழிலில் வாடிக்கைக்காரரிடம் வாங்கிக்கட்டியவராக இருந்தாலும் நீங்கள் என் சொந்தக்காரர், இப்படி வந்து உட்காருங்கள்.

நான் பெயின்ற் அடித்தது வவுனியாவில், கண்டி வீதியோரக் கராஜ் ஒன்றில். புதுக் கார்களின் இறக்குமதியை நிறுத்தியிருந்த அறுபதுகள் அவை. வன்னியில் ஓடிய கிழட்டுக் கார்களுக்கெல்லாம் இளமை திரும்பும் ஆசை வந்திருந்தது.

ஏன் காணும்?

கனகராயன்குளத்து நெற்காணிக்காரர் ஒருவர் தம் காரைக் கொண்டுவந்தார். தகரத்தைத் தேய்த்துவிட்டுச் சாம்பல் நிறப் பிரைமரைக் கலக்கினேன். முகம் சுளித்தார். பழைய பூச்சு புது நிறத்தை உறிஞ்சிவிடும், வெறுந்தகரத்தில் நிறம் ஒட்டாது, இடையில் இதைப் பூசி அடைத்தால்தான் நிறம் நிற்கும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் என்னை விட்டுவிட்டு முதலாளியைப் பிடித்தார். முதலாளி, "அவர் சொன்னபடி அடி" என்றார். அடித்தேன்.

மாரி முடியுமுன் கதவிரண்டும் உரிந்து கார் திரும்பி வந்தது. தாம் சொன்னது முதலாளிக்கு மறந்துவிட்டது. "இனி ஒரு கார் உப்பிடித் திரும்பி வந்தால் நீ வீட்டை இருக்கலாம்" என்றார். வீடென்றால் மாமனார் வீடு. விடிந்ததிலிருந்து அவர் அதட்ட அதட்ட அவருடைய வயலில் வரம்பு கட்ட வேண்டும். அதற்குப் பயந்துதான் நான் பெயின்ற் பழகியதே. ஆகவே இரண்டாம் முறை விடாப்பிடியாகப் பிரைமரைக் கையில் எடுத்தேன். நெற்காணிக்காரர் கேட்டார்:

"பூசுறதும் நீர், பிறகு அதை மறைக்கிறதும் நீர். அப்ப ஏன் காணும் பூசுறீர்?"

சம்மாட்டியின் இரக்கம்

கொக்கிளாயில் வள்ளங்கள் வைத்து மீன்பிடிக்கும் சம்மாட்டி ஒருவர் மீன் ஏற்றும் தமது லொறியை விட்டிருந்தார். முன்பக்கத்தை வெறுந்தகரமாகத் தேய்த்து முடிக்கப் பொழுதுபட்டுவிட்டது. பிரைமரைக் காலையில் அடிக்கலாமென்று போய்விட்டேன். பிறகு வந்து பார்த்த சம்மாட்டிக்கு, உடுப்பில்லாமல் நின்ற லொறியில் இரக்கம் பிறந்திருக்கிறது. வள்ளத்துப் பலகைக்குப் பூசவென்று வாங்கி வைத்திருந்த சுறா எண்ணெயை எடுத்து மேலிருந்து கீழ்வரை தடவிவிட்டார்.

காலையில் லொறியைச் சுற்றி ஊர் நாய்களெல்லாம் நின்றன. தொட்டுப் பார்த்தும் புத்தி வராமல் ஒரு மூலையில் பிரைமரை அடித்துப் பார்த்தேன். அது தகரத்தில் ஒட்ட மனமில்லாமல் திட்டுத்திட்டாக ஒதுங்கியது. பெற்றோல் ஊற்றிக் கழுவி, மறுபடி முழுவதையும் தேய்த்தேன். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு முதலாளி என்னையே முறைத்தார். சம்மாட்டிக்கு என்மேல்தான் கோபம்.

"என்ர வள்ளம் வருசக்கணக்காக் கடலுக்கை கிடக்குது, ஒரு குறையும் சொல்லேல்லை. உம்மட பெயின்ற்றுக்கு மட்டும் என்ன அவ்வளவு மிடுக்கு?"

ஓவசியர் ஐயாவின் ரசனை

குளத்து வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறிய ஓவசியர் ஐயா வித்தியாசமானவர். பிரைமர் பூசச் சம்மதித்தார். பூசியது காய்ந்ததும், பளபளப்பில்லாத அந்தச் சாம்பல் நிறத்தில் மயங்கியும் போனார். இதற்குமேல் ஒன்றும் வேண்டாமாம், இதுதான் பெரிய மனிதருக்கு ஏற்ற நிறமாம். மேலே நிறம் போட்டால்தான் இது நிற்கும், வெறுமனே விட்டால் மழைத் தண்ணீரைக் குடிக்கும் என்று ஓடுகிற காருக்குப் பின்னால் ஓடிக் கத்தினேன். கையை வெளியே நீட்டி எனக்கு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

முதல் மழைக்கே உடம்பெல்லாம் துருப்பொட்டு. கார் திரும்பி வந்துவிட்டது. முதலாளி மேசையிலிருந்து எழும்பினார். மாமனாரின் மண்வெட்டி என் கண்முன்னே வந்தது. நல்லகாலம், இன்னும் நிறமே பூசாததால் இது கணக்கில் வராது என்று வாதாடித் தப்பினேன். ஓவசியர் ஐயா குறைப்பட்டார்:

"தம்பி, தண்ணி குடிக்கிற சாமான் எண்டு முந்தியே சொல்லியிருக்கலாமெல்லே?"

கலியாணக் கார்

கடைசியில் முதலாளியின் சொந்தக் கார். இரத்தச் சிவப்பு. மகளின் கலியாணத்துக்கு அதை வெள்ளையாக்க வேண்டும். சிவப்புக்கு மேலே வெள்ளை அடித்தால் பழைய சாயம் ஊறி மேலே வரும், பிரைமரால் அடைத்தேயாக வேண்டும் என்றேன். சாத்திரியார் குறித்துக் கொடுத்த நேரத்துக்குள் வெள்ளை ஏற வேண்டுமாம். பிரைமர் காயும்வரை அந்த நேரம் காத்திருக்காதாம். வேலை போய்விடுமே என்று வெள்ளையை அடித்தேன்.

கலியாணத்தன்று வெயிலில் நின்ற கார், வெற்றிலை போட்ட வாய் மாதிரி மெல்ல மெல்லச் சிவந்தது. பந்தலில் இருந்த சனமெல்லாம் எழும்பி வந்து பார்த்தது. என் கதை முடிந்தது என்று ஓரமாக நின்றேன். முதலாளி காரையும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "கொழும்பிலை இப்ப இந்த ரோசாதான். சொல்லி அடிப்பிச்சனான்" என்றார். நம்பிவிட்டார்கள்! அடுத்த கிழமையே இரண்டு பேர் அதே ரோசா நிறம் கேட்டுக் கராஜ் வாசலில் நின்றார்கள். அதில் ஒருவர் கனகராயன்குளத்து நெற்காணிக்காரர். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கைவைத்தார்.

"நல்ல கைராசி உனக்கு. முதல் சிவப்பை அடி, பிறகு வெள்ளையை அடி. நடுவிலை பிரைமரைப் போட்டுக் கெடுத்துப்போடாதை."

இப்படியாக, வேலையை ஒழுங்காகச் செய்யப் பார்த்தபோதெல்லாம் மாமனாரின் வரம்புவரை போய்த் திரும்பிய நான், அதைக் கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கராஜில் நிரந்தரமானேன்.