கோமதியக்காவின் கம்பிகள்

கோமதியக்கா காலமான செய்தி, அவரை வெளியே தள்ளிய எங்கள் கானமேளா மெல்லிசைக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் எனக்கு வந்தது. காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். இரங்கல் படம் அதற்குள் தயாராகியிருந்தது. வைப்பின் தீவுக்குப் போகும் படகில் எல்லோருமாக எடுத்துக்கொண்ட பழைய போட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி, சுற்றிலும் பூ வைத்து, 'குழுவின் உயிர்நாடி' என்று எழுதியிருந்தார்கள். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்தன. போனைக் கீழே வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு மட்டாஞ்சேரியில் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோமதியக்கா மாண்டலின் வாசிப்பவர். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் நிலைத்த குடும்பம். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பார்வதியோடு, இஞ்சிக் கிடங்குக்கு எதிரே ஒரு மாடி வீட்டில் இருந்தார். பட்டுப்புடவை இல்லாமல் மேடை ஏற மாட்டார். நாக்கு கூர்மை. நான் தபலாக்காரனாகக் குழுவில் சேர்ந்த முதல் நாளே, "பாலா, நீ வாசிக்கறது நன்னாத்தான் இருக்கு. நாங்களும் வாசிக்கறோம்னு ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு அவருக்கு வாதம் வந்தது. விரல் மூட்டுகள் வீங்கின. மாண்டலினில் கம்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஜோடியாகத்தான் அழுத்த வேண்டும். கச்சேரி முடிந்தால் இடது கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேறு யாராக இருந்தாலும் வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டியிருப்பார்கள். இவர் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் விதவிதமான கம்பிகளை வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பார். எந்தக் கம்பி என்று நான் பார்க்கக் கூடாது. பார்த்தால் காது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. ஒரே பாட்டை ஒவ்வொரு கம்பியிலும் வாசிப்பார். நான் கேட்டுச் சொல்ல வேண்டும். தடித்த கம்பியில் நாதம் நிறைந்து வந்தது, ஆனால் பாதியில் விரல் நின்றுவிடும். ரொம்ப மெல்லியதில் விரல் சுலபமாக ஓடியது. நாதம் சோகை பிடித்து, பலமாக மீட்டினால் இரைந்தது. பளபளக்கும் வெறும் எஃகு, பல் கூசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஓரளவு மெல்லிய கம்பி செட் ஒன்று அமைந்தது. அதில் கனமான கம்பிகளின் மேல் சுற்று, வழக்கம் போல் உருண்டையாக இல்லாமல் நாடா போல் தட்டையாக இருந்தது. விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று, கீச்சென்ற சத்தம் இல்லை. நாதம் தாழ்ந்து, கதகதப்பாக வந்தது. கம்பிகளைத் தாங்கும் குதிரையையும் இம்மியளவு இறக்கிக்கொண்டார்.

நான் சுவரைப் பார்த்தபடியே, இதுதான் என்றேன். திரும்பினேன். அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு இது மதிடா," என்றார். போதும் என்பதற்கு எப்போதும் மலையாளத்தில் 'மதி' என்றுதான் சொல்லுவார்.

அவருக்குப் போதுமானது குழுவுக்குப் போதவில்லை. குழுவை நடத்தும் சேது சேட்டனுக்கு மாண்டலின் என்றால் கணகணவென்று கேட்க வேண்டும், திருவிழா மைதானத்தின் பின்வரிசை வரை எட்ட வேண்டும். அக்காவின் மைக்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் தீர்ந்தது. அதை நான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். மைக் ஏறவில்லை. பழைய எஃகுக் கம்பியைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார் சேட்டன். அக்கா ஒரு திருவிழாவுக்கு அப்படியே போட்டு வாசித்தார். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். மறுநாள் அவரால் தலைபின்னக்கூட முடியவில்லை, பார்வதிதான் பின்னிவிட்டாள்.

அடுத்த கச்சேரிக்குத் தன் கம்பியோடு வந்தார். அதற்கடுத்த கச்சேரிக்கு அவருக்கு அழைப்பே இல்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் மாண்டலின் வருகிறதாம். அக்காவின் கை போய்விட்டது, பாவம், என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் அதையே சொன்னார்: "கை போயிடுத்துன்னு சொல்றாளாம். கை போகலைடா. கம்பியைத்தான் மாத்தினேன்."

அதன் பிறகும் தினமும் சாயங்காலம் வீட்டில் வாசித்தார். கிடங்கில் மூட்டை தூக்கும் சேட்டன்மார் வேலை முடிந்தும் கீழே நின்று கேட்பார்களாம். என்னைத் தவிரக் குழுவிலிருந்து ஒருத்தர்கூடப் படியேறி வரவில்லை. அக்கா காலமான அன்று காலை மட்டும் எல்லோரும் வந்திருந்தார்கள்.

கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நாற்காலி போட்டு மாண்டலினுக்கு மல்லிகை மாலை சாத்தியிருந்தது. எட்டுக் கம்பிகளும் வெயிலில் மின்னின. கிட்டே போய்ப் பார்த்தேன்; அக்காவின் கம்பிகள் இல்லை. நான் வருவதற்கு முன்பே, துடைத்துத் தருகிறேன் என்று பார்வதியிடம் வாங்கிப்போய், சேது சேட்டன் எஃகுக் கம்பி மாற்றிக் கொண்டுவந்திருந்தார். இருந்ததிலேயே உயர்ந்த கம்பியாம், அக்காவுக்குத் தன் மரியாதையாம். கண் கலங்கத்தான் சொன்னார். பொய்யில்லை, அதுதான் என்னை எரித்தது. பழைய கம்பிகள் எங்கே என்று கேட்டேன்.

"அதொக்கெ மங்கிப் போயிருந்நு, பாலா. களஞ்ஞு," என்றார். தூக்கிப் போட்டுவிட்டார்.

கீபோர்டுக்காரன் மாண்டலினை எடுத்து அஞ்சலியாக ஒரு பாட்டு வாசித்தான். சாவு வீட்டில் கணகணவென்று கேட்டது. பார்வதி என் பக்கம் திரும்பி, "அக்காவோடது இப்படி இருக்காதே, அண்ணா," என்றாள். நான் எழுந்து போய் அவன் கையிலிருந்து வாத்தியத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய பின், நினைவுக் கச்சேரிக்கு மாண்டலின் வேண்டுமென்று சேட்டன் ஆள் அனுப்பினார். பார்வதி தர முடியாது என்றுவிட்டாள். அக்காவின் அலமாரியில், அடுத்ததாகப் போட வாங்கி வைத்திருந்த அதே மாதிரிக் கம்பி செட் பிரிக்காமல் இருந்தது. சுவரோரம் உட்கார்ந்து எஃகுக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இவற்றைப் பூட்டிச் சுருதி சேர்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. விரலால் ஒருமுறை மெல்ல வருடினேன்.

கோமதியக்கா, பின்வரிசைக்கு எட்டியிருக்காது. பார்வதிக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது. மதி, அக்கா. போய்வாருங்கள்.