இரைச்சல் இல்லாத ஆம்ப்

என் அக்கா வீட்டுக்காரர் முழுசாக ஒரு வேளைச் சோறு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து போய், எச்சில் படாத இடது கையால் ஆம்பில் ஒரு குமிழைத் துளி திருகிவிட்டு வருவார். வந்து ரெண்டு வாய் சாப்பிடுவார். மறுபடி எழுந்து போய் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். தட்டில் இருப்பது ஆறிக் காய்ந்து போகும். அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ஆம்ப் என்பது எலக்ட்ரிக் கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும் பெட்டி. மாமாவுக்கு வேண்டியது ஏதோ ஒரு பெட்டி இல்லை. உள்ளே கண்ணாடிக் குழல்கள் சிவக்கச் சிவக்கச் சூடாகி, சத்தத்தை முறுக்கேற்றும் கெயினை ஏற்றினால் கம்பியில் விரல் பட்டதுமே உறுமுகிற டியூப் ஆம்ப். அந்த உறுமலுக்குள்ளும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இப்படி ஒன்றைத் தேடி வாங்குவார், ஒரு மாதம் வைத்திருப்பார், "மாப்ள, இதுவும் போர்வை போத்தின மாதிரிதான் இருக்கு" என்பார், யாரிடமாவது மாற்றிக்கொள்வார். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். மெத்தைக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிற பாவத்துக்கு எல்லாவற்றையும் சுமந்தது நான். என் இடுப்பு இன்னும் அவரைத் திட்டுகிறது.

பகலில் அவர் கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையில் தகடு வெட்டுகிற பிரஸ் ஓட்டுகிறார். காதை மூடிக்கொள்ளக் கவசம் கொடுத்திருக்கிறார்கள். மாமா அதைக் கழுத்தில்தான் மாட்டுவார். காதில் மாட்டினால் பக்கத்து மெஷின்காரர் பேசுகிற ஊர்வம்பு கேட்காதாம். சாயங்காலம் கை கழுவிவிட்டு நேராக எங்கள் கோடவுனுக்கு வந்துவிடுவார். மெத்தைகளைச் சுவரோடு சுவராக நிறுத்திய பின்னறையில் எங்கள் குழுவின் ஒத்திகை. மாமா கிடார், நான் பேஸ் கிடார், ஆம்புலன்ஸ் ஓட்டுகிற நண்பன் டிரம்ஸ். பாடுவது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். கடையில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்காது, மைக் முன்னால் நின்றால் கூரை பிய்ந்துபோகும். குழுவை ஆரம்பித்தது மாமாதான். பிரஸ்ஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் குழுவிலிருந்துதான் அவரை எடுத்துவிடுவோம் என்று பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவள் அந்தப் பெண். ஒத்திகை முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அவள் மாமாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க கிடார் காதுல ஊசி குத்துது. முன்வரிசையில யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க. அடுத்த கச்சேரிக்குள்ள நல்ல ஆம்பா ஒண்ணு பாத்து செட் பண்ணுங்க. இல்லேன்னா நாங்க வேற ஆளைப் பாக்கவேண்டி வரும்."

மாமா தலையை ஆட்டினார். வேனில் ஏறியதும் கதவு கைப்பிடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவளுக்கு அறிவில்லை, நமக்குத்தான் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கிறதே, குத்துகிறது என்கிறாளே என்று வீடு வரும்வரை புலம்பல். அவர் வாசிக்கும்போது எனக்கும் பல் கூசும் என்பதை நான் சொல்லவில்லை. ஏற்கெனவே நொந்துபோயிருந்தார்.

டிரம்ஸ்காரன் ஒரு காரணம் சொன்னான். ஸ்பீக்கர் தரையில் இருக்கிறது. கூர்மையான சத்தம் நேர்கோட்டில் போய் எதிரே இருப்பவர்களைத் தாக்குகிறது. மேலே நிற்கிற மாமாவின் முழங்காலுக்குத்தான் அது தெரியும், காதுக்கு எட்டாது. அதனால்தான் அவர் கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போகிறார். சரியான பேச்சு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஸ்பீக்கரைச் சாய்த்து, அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி மரக்கட்டை முட்டுக்கொடுத்து வைத்தோம். மாமா ஒரு பாட்டு வாசித்தார். நின்றார். பிறகு குனிந்து ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பாடுகிறவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆக, வேறு ஆம்ப் பார்க்கக் கடைக்குப் போனோம். இந்தத் தடவை அக்காவும் வேனில் ஏறிக்கொண்டாள். இன்றைக்கு ஏதாவது ஒன்றில் இந்த மனுஷனை நிற்கவைக்காமல் வருவதில்லை என்று சபதம். கடையில் பியானோ முக்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் மூன்று ஆம்ப்களை எடுத்துக் காட்டினார்.

முதலாவது, போர்வை. இரண்டாவதற்கு ரெண்டு கம்பி தட்டியதோடு சரி, "ரெண்டு போர்வை" என்றார். மூன்றாவதில் அவருடைய வழக்கமான சோதனையைச் செய்தார். கெயினை முழுக்க ஏற்றிவிட்டு, கம்பிகள் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து, வாசிக்காமல் கேட்பது. இந்த மாதிரி ஆம்ப் எல்லாமே அப்போது "ஸ்ஸ்" என்று இரையும். எது குறைவாக இரைகிறதோ அது உசத்தி.

தலையைச் சாய்த்துக் கேட்டவரின் முகம் மலர்ந்தது.

"மாப்ள, இங்க வா. கெயின் முழுசா ஏத்திட்டேன். இரைச்சலே இல்ல பாரு."

கடை முழுக்க அது இரைந்துகொண்டிருந்தது. வாசல் பக்கம் புல்லாங்குழல் பார்த்துக்கொண்டிருந்த ஆள் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். மாமா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் எப்போது பாராட்டப்போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தூசியே இல்லாத ஒரு தாளத்தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அக்காவுக்குக் கெயினும் தெரியாது, குழலும் தெரியாது. எழுந்து அவருக்கு எதிரே வந்தாள்.

"ஏங்க, அது சீறிக்கிட்டே இருக்கே."

"எது?"

"அந்தப் பெட்டிதான். நீங்க கையை வெச்சதுலேர்ந்து சீறுது."

மாமா என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் கண் கெஞ்சியது. ஆமாம் மாமா என்றேன். அவர் மண்டிபோட்டு, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். "லேசா கேக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

அக்காவும் நானுமாக அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். கூர்மையான சத்தங்களைக் கேட்கிற திறன் போய்விட்டது, திரும்பி வராது. பிரஸ் சத்தமும் ஆம்ப் சத்தமும் சேர்ந்து செய்த வேலை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தொழிற்சாலையில் கவசம் காதில்தான் இருக்க வேண்டும், வாசிக்கும்போதும் காதில் அடைப்பான் போட வேண்டும் என்றார். மாமா வாங்கி வாங்கி மாற்றிய அத்தனை ஆம்ப்களும் நல்ல ஆம்ப்கள்தான். இதை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார், ஆம்ப் நினைப்பில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன் என்று அக்கா வேனில் அழுதாள்.

மாமா அன்று வீட்டில் கூடத்துக்கும் மாடிப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மறுநாள் தானாகவே மருந்துக்கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டாராம். அவளோ, ஆம்ப் கடைக்கு எப்போது போகிறீர்கள், நானும் வருகிறேன் என்று மட்டும் கேட்டாளாம்.

அப்படித்தான் எல்லோரும் மறுபடி கடைக்குப் போய் நின்றோம். மாமா கிடாரை மாட்டிக்கொண்டு, ஆம்புக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"எது நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும். பாவம்னு பாத்துச் சொல்லிடாதீங்க."

பாடுகிறவள் ஆம்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் வாசிக்கிற ஆம்பின் குமிழை வேறொருவர் தொட்டு நான் பார்த்ததே கிடையாது. ட்ரெபிளைக் குறைத்தாள், நடுத்தரச் சத்தத்துக்கான மிட்டை ஏற்றினாள், கெயினையும் சற்று இறக்கினாள். அவள் குறைக்கக் குறைக்க மாமாவின் புருவம் சுருங்கியது. அவருக்கு ஏதோ ஒன்று கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை கம்பியைத் தட்டும்போதும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அன்றைக்கு ரெண்டு போர்வை என்று அவர் தள்ளிய ஆம்ப் அது. உறுமல் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அதற்குள்ளே ஒவ்வொரு சுரமும் தனியாக நின்றது. இந்தச் சத்தத்தைத்தான் மனுஷன் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்று அக்காவிடம் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சத்தம், தலைவலி என்றே சொல்லிவந்தவள் அவள்.

"நல்லா இருக்குங்க. நெஜமாவே நல்லா இருக்கு."

"எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று சிரித்தார். "சரி, இதையே எடுத்துக்கலாம்."

அவர் திரும்பிக் குனிந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருக்கையில் பாடுகிறவள் எழுந்து கால்சட்டைத் தூசியைத் தட்டினாள். "அண்ணே, சனிக்கிழமை ஒத்திகை. சீக்கிரமா வந்துடுங்க, புதுப் பாட்டு ஒண்ணு இருக்கு" என்றாள்.

அவர் திரும்பவில்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், அவர் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து, முதலிலிருந்து நிதானமாகச் சொன்னாள்.